பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், மகனே

பிரபு,

யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், பூரண சுயநினைவோடு நான் எழுதுவது என்னவென்றால், நம் வீட்டு இ-மெயிலின் பாஸ்வேர்டு இனிமேல் உன் பெயரும் நீ பிறந்த வருஷமும் கிடையாது. மாற்றிவிட்டேன். நேற்று சாயங்காலம் நீ போனில், "உள்ள போவ மாட்டேங்குதும்மா, ஏதோ பிராப்ளம்" என்றாய். பிராப்ளம் ஒன்றும் இல்லை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. உன் நம்பரை அதிலிருந்து எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டிருக்கிறேன். யார் உள்ளே வர நினைத்தாலும் இனி என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை, உனக்கும்கூட. பதினெட்டு வருஷம் உத்திரமேரூர் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் எதிரில் பத்திர எழுத்தரிடம் டைப் அடித்த கை இது, அதனால் கோபம் வந்தால் எனக்குப் பத்திர நடைதான் வருகிறது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். ஆனால் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

இதை முதலில் உனக்கு மட்டும் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப குரூப்பில் போடுவேன். ஏன் எல்லாரும் படிக்க வேண்டும் என்று கேட்பாய். இந்த வாரம் நீ சொன்னதும், என் ஓய்வைப் பற்றி நீங்கள் எல்லாரும் அங்கேதானே பேசினீர்கள்? உன் பெரியப்பா கும்பிடும் பொம்மை போட்டார். உன் சித்தி, "கரெக்ட் டிசிஷன், அக்கா எவ்ளோ காலம் கஸ்டப்படும்" என்று எழுதினாள். பதினாறு பேர் இருக்கிற குரூப்பில் நானும் ஒருத்தி. என்னையும் உங்கப்பாவையும் தவிர மற்ற எல்லாரும் என் வேலையை நிறுத்தியது சரி என்று பேசி முடித்துவிட்டீர்கள். அங்கே எடுத்த முடிவுக்குப் பதிலும் அங்கேயேதான் கிடைக்கும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், தெரியாதவர்களுக்கும் தெரியட்டும். போன திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. உங்கப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடப் போயிருந்தார். நான் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். எங்கள் வேலைக்கு லேப்டாப்பில் ஒரு பலகை உண்டு. அதில் மூன்று கட்டம்: வந்தது, நடப்பது, முடிந்தது. ஒவ்வொரு ஒலிப்பதிவும் ஒரு சீட்டாக வந்து நிற்கும். அதைக் கேட்டு, வார்த்தை வார்த்தையாக டைப் செய்து, சரிபார்த்து, சீட்டை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். அன்றைக்கு என் பெயரில் ஒரு சீட்டுகூட இல்லை. நெட் போயிற்றோ என்று மோடத்தைக் கழற்றி மாட்டினேன். போன் நெட்டை இணைத்துப் பார்த்தேன். பலகை வந்தது, சீட்டுகள் வரவில்லை. எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மாலதிக்குப் போன் போட்டேன். மதுரைப் பெண். இதுவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவள் வீட்டுக் குழந்தைக்கு என்ன ஜுரம் என்பதுவரை எனக்குத் தெரியும். "அக்கா, நீங்கதானக்கா மெயில் போட்டீக? இத்தோட நின்னுக்கிறேன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, மகன் கல்யாணம், பெங்களூருப் பக்கம் போயிருவீக போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தேன். ஐந்து வரி, அத்தனையும் இங்கிலீஷ். குடும்பக் காரணங்களால் வேலையைத் தொடர இயலவில்லை, இதுவரை கொடுத்த வாய்ப்புக்கு நன்றி, கீழே "வித் ரிகார்ட்ஸ்" என்று போட்டு என் பெயர். நான் மாலதிக்கு இங்கிலீஷில் ஒரு வரி எழுதியதில்லை. என் மெயில் எல்லாம் "சாப்பிட்டியா?" என்றுதான் முடியும். நேரத்தைப் பார்த்தேன், சனிக்கிழமை பதினொன்று பத்து. அந்த நேரத்தில் நான் ரேஷன் கடையில் கைரேகை விழாமல் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். எவனோ திருடன் உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்து, இந்தக் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போனேன். ஒன்று என் லேப்டாப். இன்னொன்று பெங்களூரில் ஒரு போன். திருடன் என்று பயந்து போய்ப் பார்த்தால் என் பிள்ளை. அடப்பாவி! கோபம் வருவதற்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வந்தது.

உங்கப்பா மண்வெட்டியோடு உள்ளே வந்தார். "இன்னாமே, மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீறே? கரண்ட்டு பூடுச்சா?" என்றார். சொன்னேன். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு அப்படியே நின்றார். "அவன் இன்னா உன்னிய ரிடையர் பண்றது? அவனா உன்னிய வேலைக்கு வெச்சான்? கல்யாணம் பண்ணி வெப்போம், மறுவூடு முடிப்போம், பஸ் ஏறி வந்துக்கினே இருப்போம். நானும் இங்கதான் கீறேன், நீயும் இங்கதான் கீறே" என்றார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் எனக்காக இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மத்தியானம் உன்னைக் கூப்பிட்டேன். நீ மறைக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். "ஆமாம்மா, நான்தான் போட்டேன். கழுத்து வலிக்குதுன்னு நீயேதான சொன்னே? உன்னைக் கேட்டா வேணான்னுதான் சொல்லுவே. உன் நல்லதுக்குத்தாம்மா. இங்க வந்து ரெஸ்ட் எடு" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு இளகியிருக்கும். "நிவேதாவுக்கும் ஆபீஸ் வேலை ஜாஸ்தி. நீ வந்தீன்னா வீடு ஒரு வழிக்கு வரும்" என்று, நீ கட்டப்போகிறவளையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த மூச்சில் சொன்னாய். பிரபு, அதன் பெயர் ஓய்வா? நான் என் மேசையை விட்டு எழுந்து உன் அடுப்பு முன்னால் போய் நிற்பது ஓய்வா? என் கழுத்து மேசையில் வலிக்குமாம், அடுப்படியில் வலிக்காதாமா? உனக்கு ஒரு சமையல்காரி வேண்டுமென்றால் பெங்களூரில் தேடு. கிடைக்காவிட்டால் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொள். உனக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாய் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்டதே இல்லை. கொரோனா அடைப்பில் பத்திர ஆபீஸ் மூடியபோது உன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, "போரடிச்சா யூஸ் பண்ணும்மா" என்றாய். அதற்கு நன்றி, அதை ஒருநாளும் மறக்கமாட்டேன். ஆனால் அதற்கு அப்புறம் நான் என்ன செய்கிறேன் என்று நீ எட்டிப் பார்க்கவில்லை. யார் கேட்டாலும், "அம்மா சும்மா டைப்பிங் பண்ணிக்கினு இருக்காங்க" என்றுதான் சொல்வாய். அந்தச் சும்மாவில்தான் நான் ஐந்து வருஷமாக வேலை செய்கிறேன். ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசிப் பதிவு செய்த பேச்சுகள் எங்களுக்கு வருகின்றன. இயந்திரமே கேட்டு எழுதிக் கொடுத்துவிடும் என்கிறார்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்து ஆள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசினால் அது திணறிப் போகிறது. அப்போதுதான் என்னைத் தேடுகிறார்கள். இந்தத் தடவை வந்தது பழைய ஏரிகளைப் பற்றிய பதிவுகள், எட்டு மாத வேலை. நான்கு பேர் எழுதுவதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக என் பெயர் மற்ற பெயர்களுக்கு மேலே வந்தது. அந்த வேலை தொடங்குகிற வாரத்தில்தான் நீ ரிகார்ட்ஸ் போட்டு அனுப்பினாய்.

நீ "சும்மா" என்றதால் என் மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே தீருவேன். லேப்டாப் பழைய மரக்கால் மேல் உட்கார்ந்திருக்கிறது. நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்துப்போட்டால் திரை என் கண்ணுக்கு நேராக வருகிறது. தட்டச்சுப் பலகையைத் தனியாக வாங்கிக் கீழே வைத்திருக்கிறேன். கழுத்து வலி அதில் பாதி போயிற்று. மீதியை நாற்பது நிமிடத்துக்கு ஒருதடவை மணி அடிக்கிற டைமர் போக்கிற்று. அடித்ததும் எழுந்து கொல்லை வரை நடந்துவிட்டு வருவேன். காலடியில் ஒரு பெடல், தையல் மெஷினில் இருப்பது மாதிரி. மிதித்தால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும், கை எழுத்தை விட்டு நகர வேண்டாம். அடிக்கடி வரும் நீளமான வார்த்தைகளுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டெழுத்து அடித்தால் முழு வாக்கியம் வந்து விழும். பத்திர ஆபீஸில் இது இருந்திருந்தால் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்பதை என் வாழ்க்கையில் அத்தனை ஆயிரம் தடவை அடித்திருக்க மாட்டேன். எழுதுவது எல்லாம் தானாகவே சேமிக்கப்படும் இடத்தில் இருக்கிறது. ஒருநாள் பூனை குறுக்கே நடந்து நான்கு பக்கத்தை அழித்துவிட்டது. பழைய பதிப்புகளின் பட்டியலைத் திறந்து, பூனைக்கு முந்தின நிமிடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டேன். உங்கப்பா வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "இதே மாரி வயலுக்கு ஒண்ணு இருந்தா, மழைக்கு முந்தின நாளு போய் அறுத்துக்கினு வந்துடலாம்" என்றார்.

கேலண்டரை மட்டும் குறைவாக நினைக்காதே, என் வேலையே அதில்தான் நிற்கிறது. மீட்டிங் மட்டும் இல்லை, நடவு நாள் இருக்கிறது, மாதாந்திர மின்தடை நாள் இருக்கிறது, ஆடியில் கூழ் ஊற்றுகிற வாரம் ஸ்பீக்கர் அலறும் என்று முன்கூட்டியே மஞ்சள் வண்ணத்தில் அடைத்து வைத்திருக்கிறேன். அந்த வாரம் நான் ஒலி கேட்கும் வேலை எடுப்பதில்லை, சரிபார்ப்பு மட்டும். காலை ஒன்பதரை முதல் ஒன்றுவரை போனில் எந்த மணியும் அடிக்காது, நானே அணைத்து வைத்திருக்கிறேன். "கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிற" என்று நீ கோபித்துக்கொண்டாய். நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது நான் எத்தனை தடவை மணி அடித்து ஓய்ந்தபின் போனை வைத்திருக்கிறேன்? நான் கோபித்தேனா? உன் மீட்டிங் வேலை, என் மீட்டிங் பொழுதுபோக்கா?

மாலதியிடம் உண்மையைச் சொன்னேன். பெற்ற பிள்ளையை அடுத்தவளிடம் விட்டுக்கொடுப்பது மாதிரி நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னேன், "அதை எழுதினது நான் இல்ல, எம்புள்ள" என்று. வேலை அதற்குள் கோயம்புத்தூரில் ஒருவருக்குப் போய்விட்டிருந்தது. கொடுத்ததைச் சட்டென்று பிடுங்க முடியாது என்றாள், நியாயம்தான். வியாழக்கிழமை அவளே கூப்பிட்டாள். கோயம்புத்தூர்க்காரர் அனுப்பிய முதல் பதிவில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் "தெளிவில்லை" என்று போட்டிருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், கொங்குப் பேச்சு வந்தால் நானும் அப்படித்தான் விழிப்பேன். என்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். ஹெட்போனை மாட்டி பெடலை மிதித்தேன். "ஏரி ரொம்பிச்சின்னா கலங்கல் வயியா தண்ணி போய்க்கினே கீதும்மா, அத்த யாரு தடுக்கிறது" என்று ஒரு கிழவர் பேசினார். அதில் தெளிவில்லாத ஒரு எழுத்துகூட இல்லை. நம் ஏரிக்கரையில் தினம் கேட்கிற பேச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லா இடைவெளியையும் நிரப்பி அனுப்பினேன்.

வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் முழுசாகக் கிடைக்கவில்லை. சரிபார்க்கும் பொறுப்பு இப்போது எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. முதலில் இருந்த மாதிரி என் பெயர் தனியாக மேலே இல்லை, பக்கத்தில் இன்னொரு பெயர் நிற்கிறது. போனது போனதுதான். மாலதியின் ஆபீஸ் ஒரு நிபந்தனையும் போட்டது: "கணக்கு உங்க ஒருத்தர் கையில மட்டும்தான் இருக்கணும், இனிமே இப்படி ஒரு மெயில் வந்தா நாங்க நம்ப முடியாதுக்கா." பாஸ்வேர்டை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் சொல்லாவிட்டாலும் மாற்றியிருப்பேன், அதையும் தெரிந்துகொள்.

தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. நம் வீட்டில் ஒரு பழக்கம், வீட்டுக்கு ஒரே இ-மெயில். நீ பிளஸ் டூ முடித்து கவுன்சிலிங்குக்காகத் திறந்தது. அப்புறம் கேஸ் அதில், கரண்ட் பில் அதில், உங்கப்பாவின் பட்டா மனு அதில், என் வேலையும் அதிலேயே வந்து சேர்ந்தது. பாஸ்வேர்டு பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்காரருக்குக்கூட மனப்பாடம், நான் போய் நின்றால் கேட்காமலே அடிப்பார். ஒரே கணக்கு வைத்திருந்தால்தான் ஒரே குடும்பம் என்று நினைத்துவிட்டோம். உங்கப்பாவுக்கும் இப்போது தனியாக ஒன்று திறந்து கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்டு என்ன வைத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், "சொல்ல மாட்டேன் போ" என்று சிரிக்கிறார்.

அடுத்து எழுதப்போவதை நான் எட்டுத் தடவை அடித்து அழித்தேன். அழித்த எல்லாமே பழைய பதிப்புகளில் இருக்கிறது, அதனால் எனக்கே நான் ஒளிக்க முடியாது. பத்து வருஷத்துக்கு முன்னால், நீ டிகிரி முடித்த கோடையில், டெல்லியில் மேல்படிப்புக்கு எழுதிப் போட்டாய். அப்போது உன்னிடம் பட்டன் போன்தான். தினமும் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்ப்பாய். வந்ததும் என்னிடமும் கேட்பாய், "எதுனா வந்திச்சாம்மா? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தியா?" நான், "ஒண்ணும் வரலடா" என்பேன். பிரபு, அது வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கிரயப் பத்திரம் அடித்து முடித்துவிட்டு பிரிண்ட் எடுக்க மெயிலைத் திறந்தபோது மேலேயே இருந்தது. இடம் கிடைத்திருக்கிறது, நான்கு நாளுக்குள் சம்மதம் தெரிவிக்கவும் என்று. ஒரே பிள்ளை. அவ்வளவு தூரம், தெரியாத பாஷை, இரண்டு நாள் ரயில். போனால் நீ திரும்பி வரமாட்டாய் என்று எனக்குத் தோன்றியது. அதை அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அப்புறம் அடுத்த பத்திரத்தை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

நீ அந்த மாதம் முழுக்கச் சைக்கிளில் போனாய். ஒருநாள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். நான் உனக்குப் பிடித்த முட்டைக் குழம்பு வைத்து, "கெடைக்காததும் நல்லதுக்குத்தான்டா" என்றேன். நீயும் நம்பினாய். இப்போது நீ நல்ல வேலையில் இருக்கிறாய், பிடித்த பெண்ணைக் கட்டப்போகிறாய், அதனால் அன்றைக்கு நான் செய்தது சரியாகிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் போவதில்லை. நீ அங்கே போயிருந்தால் என்னவாகியிருப்பாய் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான் அடைத்தேன். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று நீ போனில் சொன்னது யாருடைய வார்த்தை என்று இப்போது உனக்குப் புரியும். அது என் வார்த்தை. உன் வாயிலிருந்து கேட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், ஆனால் உடனே மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இந்தப் பத்தியை வெட்டிவிட்டு மீதியைக் குரூப்பில் போடு என்றும் சொல்லாதே. உன் தப்பைப் பதினாறு பேர் படிக்கும்போது என் தப்பையும் படிக்கட்டும்.

நானே தப்பு செய்தவள், அதனால் எனக்குப் பேச வாயில்லை என்று யாராவது குரூப்பில் எழுதினால், எனக்கு வாய் இருக்கிறது. செய்தவளுக்குத்தான் அது எவ்வளவு சுலபம் என்று தெரியும். இரண்டு தடவை தொட்டால் போதும், சத்தம்கூட வராது.

கல்யாணத்துக்கு நான் உனக்குச் சொல்லும் புத்தி இதிலிருந்துதான் வருகிறது. நிச்சயம் முடிந்த மறுவாரம் நிவேதாவும் அவள் அம்மாவும் நம் வீடு பார்க்க வந்தார்களே, எல்லாரும் நாஷ்டா முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் மேசைப் பக்கம் வந்தாள். பலகையைப் பார்த்தாள், பெடலை மிதித்துப் பார்த்தாள், "அத்தை, இந்தச் சுருக்கெழுத்து எப்படி செட் பண்ணீங்க?" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளும் வீட்டிலிருந்து வேலை செய்கிற பெண், அவளுக்கு அது என்ன என்று தெரியும். பேச்சோடு பேச்சாக, "என் பாஸ்வேர்ட் எல்லாம் அவருக்குத் தெரியும் அத்தை, எங்களுக்குள்ள ஒளிவுமறைவே இல்ல" என்றாள், பெருமையாக. அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன், நீயே அவளிடம் போய், மாற்றச் சொல். அவளாகக் கொடுத்தாலும் வாங்காதே. நம் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, அதற்காக நம் மூன்று பேருக்குள் யாருக்கும் யார் மேலும் சந்தேகம் வந்ததில்லை. அவள் மேசை அவளுடையது, உன் மேசை உன்னுடையது. இரண்டும் ஒரே ஹாலில் கிடந்தால் நடுவே ஒரு திரையாவது கட்டுங்கள். அவள் ஹெட்போன் மாட்டியிருந்தால் டீ எங்கே என்று கேட்காதே, போட்டுக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் பக்கத்தில் வை. சமையல், துணி, வாடகை, கேஸ் எல்லாவற்றுக்கும் அந்த மாதிரி மூன்று கட்டப் பலகை ஒன்று போட்டு இருவர் பெயரும் இருக்கிற மாதிரி சீட்டு ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து யார் பெயரில் எத்தனை சீட்டு என்று பார்த்தாலே போதும், யாரும் யாரிடமும் கத்த வேண்டியிருக்காது. உங்களால் முடியாத அன்று என்னைக் கூப்பிடு, வருகிறேன். விருந்தாளியாக வருவேன், லேப்டாப்பையும் பெடலையும் தூக்கிக்கொண்டு. மரக்கால் மட்டும் கனம், அங்கே ஏதாவது டப்பா தேடி வை.

பெங்களூருக்குக் குடி வரமாட்டேன். இனி இதைப் பற்றி உன் பெரியப்பாவை விட்டுப் பேசவைக்க வேண்டாம். உங்கப்பாவுக்கு இங்கே நிலம் இருக்கிறது, எனக்கு இங்கே மேசை இருக்கிறது. என் கை ஓடுகிறவரை ஓடட்டும். நிற்கிற அன்று நானே மாலதிக்குத் தமிழில் எழுதி, சாப்பிட்டியா என்று கேட்டு முடிப்பேன்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தோடு உனக்கு இரண்டு அழைப்பு வரும். ஒன்று என் கேலண்டர். அம்மா என்ன செய்கிறாள், எப்போது ஓய்வாக இருக்கிறாள் என்று இனி நீ யாரையும் கேட்க வேண்டாம், திறந்து பார்த்துக்கொள். உனக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன், திருத்தும் உரிமை இல்லை. உன் கல்யாணத்துக்குப் பத்து நாள் சிவப்பில் அடைத்திருக்கிறேன், அந்தப் பத்து நாளும் எவன் கேட்டாலும் கிடையாது. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி, ஒரு மணி நேரம், "பிரபு" என்று போட்டிருக்கிறேன். வாராவாரம் வரும்படி வைத்தபோது எந்தத் தேதியோடு முடிய வேண்டும் என்று அது கேட்டது. முடிவு இல்லை என்பதைத் தொட்டேன்.

உன் போனில் அதற்குக் கீழே "வருவேன்", "மாட்டேன்" என்று இரண்டு பொத்தான் இருக்கும். டெல்லி விஷயத்தைப் படித்தபின் உனக்கு எதை அழுத்தத் தோன்றுகிறதோ அதை அழுத்து. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். அது உன் கணக்கு. இந்தத் தடவை உனக்காக நான் அழுத்தமாட்டேன்.

அம்மா